பி0171 கோட்: பம்ப் மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: 2016 மாடல், 1.5 லிட்டர் பெட்ரோல் கார். செக் இன்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேனரில் பி0171 வருகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றி, கோடை அழித்துக் கொடுத்தார்கள். பத்து நாளில் லைட் திரும்ப வந்துவிட்டது. இப்போது ஃப்யூயல் பம்ப் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். பம்ப் கெட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு, ஆனால் அதை அளந்து பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை. இந்தக் கோட் எந்தப் பாகத்தையும் பெயர் சொல்லிக் காட்டுவதில்லை. எக்ஸாஸ்டில் ஆக்சிஜன் தொடர்ந்து மிஞ்சி வருகிறது, பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் சரியாகவில்லை என்பதே இசியூ, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், சொல்வது. காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாத இந்த நிலைக்குப் பெயர் லீன். காற்று கூடினாலும் மிஞ்சும், பெட்ரோல் குறைந்தாலும் மிஞ்சும், பிளக் சரியாகப் பற்றவைக்காவிட்டாலும் மிஞ்சும். எந்தப் பக்கம் தேடுவது என்று காட்டும் எண் ஒன்று உங்கள் ஸ்கேனரிலேயே இருக்கிறது: ஃப்யூயல் ட்ரிம், அதாவது இசியூ தன் கணக்கிலிருந்து பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ அடிக்கிறது என்பது.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி அடாப்டரும் ஃபோனில் ஒரு ஆப்பும் இருந்தாலே இந்த எண் தெரியும். முதலில் ஒரு விஷயம்: கோடை அழிக்காதீர்கள், பேட்டரியையும் கழற்றாதீர்கள். கோட் விழுந்த நொடியில் இன்ஜின் எப்படி ஓடிக்கொண்டிருந்தது என்பதை இசியூ ஃப்ரீஸ் ஃப்ரேமாகச் சேமித்து வைத்திருக்கும். ஆர்பிஎம், வேகம், லோடு (இன்ஜின் சுமை), கூலன்ட் சூடு, இரண்டு ட்ரிம் எண்கள் எல்லாம் அதில் உண்டு. அழித்தால் அதுவும் போய்விடும், லாங் டெர்ம் ட்ரிம்மும் பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள்.

ட்ரிம்மைப் படிப்பது எப்படி

ஷார்ட் டெர்ம் ட்ரிம் நொடிக்கு நொடி ஆடும். லாங் டெர்ம் ட்ரிம் மெதுவாக நகர்ந்து, கற்றுக்கொண்டதை வைத்திருக்கும். இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். ஷார்ட் +2, லாங் +19 என்றால், இசியூ தன் கணக்கைவிட 21 சதவீதம் அதிகமாகப் பெட்ரோல் அடிக்கிறது. நல்ல இன்ஜினில் கூட்டல் ±5க்குள் இருக்கும். 10 வரை போனால் கவலைப்பட வேண்டியதில்லை. கோட் விழும் எல்லை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பெரும்பாலும் 20, 25ஐ ஒட்டி இருக்கும்.

இன்ஜின் முழுச் சூடாகி, ஏசி அணைத்த நிலையில் மூன்று இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஐடிலில் ஒரு நிமிடம், நியூட்ரலில் 2500 ஆர்பிஎம் பிடித்து ஒரு நிமிடம், பிறகு ஏற்றத்திலோ நாலாவது கியரிலோ நன்றாக மிதித்து ஓட்டும்போது. கடைசியைப் பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும், அல்லது ஆப்பில் ரெக்கார்ட் போட்டுவிட்டு வந்து பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் பல கார்கள் ட்ரிம்மைக் கண்டுகொள்ளாமல் ஓபன் லூப்புக்குப் போய்விடும், அதனால் பாதி, முக்கால் மிதியில் எடுங்கள்.

ஐடிலில் +24, 2500ல் +6 என்று இறங்கினால் எங்கோ காற்று உள்ளே இழுக்கிறது. ஐடிலில் +4, 2500ல் +11, லோடில் +22 என்று ஏறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்றளவு சென்சார் குறைத்துச் சொல்கிறது. மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் இன்ஜெக்டர், பிரஷர், எக்ஸாஸ்ட் லீக், ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் தரம் இவற்றில் ஒன்று.

முதல் வகையில் ஏன் இறங்குகிறது என்பது புரிந்தால் எண்ணை நம்பலாம். 1.5 லிட்டர் இன்ஜின் சூடான ஐடிலில் நொடிக்குச் சுமார் 2 கிராம் காற்று இழுக்கும். ஓட்டை வழியாக அரை கிராம் கணக்கில் வராமல் நுழைந்தால் அது 25 சதவீதம். 2500ல் இன்ஜின் 8 கிராம் இழுக்கும்போது அதே அரை கிராம் வெறும் 6 சதவீதம்தான். ஓட்டை மாறவில்லை, பங்கு மாறிவிட்டது.

இது எல்லாம் காற்றளவு சென்சார், அதாவது மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், உள்ள கார்களுக்கு. மேப் சென்சார் (இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டு குழாயில் அழுத்தத்தை அளப்பது) மட்டும் வைத்து ஓடும் இன்ஜினில், நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவும் இந்த வகைதான், வேக்குவம் லீக் வேறு மாதிரி தெரியும். ஓட்டை வழியாக வந்த காற்றும் மேனிஃபோல்டில் பிரஷராக ஏறிவிடும், மேப் அதையும் அளந்துவிடும், இசியூ பெட்ரோலையும் சேர்த்துவிடும். விளைவு, ட்ரிம் பெரிதாக மாறாமல் ஐடில் மட்டும் 1100, 1200 என்று தூக்கி நிற்கும். அதனால் உங்கள் காரில் எது இருக்கிறது என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் த்ராட்டில் பாடிக்கும் இடையில், குழாய் மேல் கனெக்டரோடு ஒரு சென்சார் சொருகியிருந்தால் அது மாஸ் ஏர்ஃப்ளோ. ஆப்பில் கிராம் கணக்கில் எண் வருவதை மட்டும் நம்ப வேண்டாம், சில இசியூக்கள் மேப்பிலிருந்து கணக்குப் போட்டே அந்த எண்ணைக் காட்டும்.

மேப் சென்சாரைச் சோதிப்பது சுலபம். இன்ஜின் ஓடாமல் சாவியை ஆன் செய்து ஸ்கேனரில் பாருங்கள், அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் 100, 101 கிலோபாஸ்கல். கோவையில் 96, 97 அளவு. ஊட்டியில் 77ஐ ஒட்டி வரும். சென்னையில் நின்றுகொண்டு 90 காட்டினால் சென்சார் குறைத்துச் சொல்கிறது, பெட்ரோலும் அந்த அளவுக்குக் குறையும். சூடான ஐடிலில் 30 முதல் 40 வரை இருந்தால் சரி.

காற்று நுழையும் இடங்கள்

ஐடிலில்தான் கோளாறு என்றால் கருவி எடுப்பதற்கு முன் கண்ணும் கையும் போதும். த்ராட்டில் பாடிக்குப் போகும் நெளிநெளியான ரப்பர் குழாயை இரண்டு கையாலும் மடக்கிப் பாருங்கள். நெளிவின் பள்ளத்தில் இருக்கும் வெடிப்பு சும்மா பார்த்தால் தெரியாது, மடக்கினால் வாய் திறக்கும். அடிப்பக்கத்தைக் கண்டிப்பாகப் பாருங்கள். பிறகு கிளாம்ப், பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்குத் திருப்பி அனுப்பும் குழாய்). பிசிவி வால்வு உட்காரும் ரப்பர் வளையம் இந்தச் சூட்டில் சில வருடங்களில் கல்லாகிவிடும், வால்வைத் திருகினால் தளர்ந்து ஆடும். எலித் தொல்லை உள்ள இடத்தில் கார் நிற்கிறதென்றால் மெல்லிய வேக்குவம் ஹோஸ்களை முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள். வயரைக் கடித்தால் உடனே ஏதாவது நின்றுபோய்த் தெரிந்துவிடும், ஹோஸைக் கடித்தால் இந்தக் கோடாகத்தான் வந்து நிற்கும்.

பர்ஜ் வால்வைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். டாங்கில் சேரும் பெட்ரோல் ஆவியை கரித்தூள் கேனிஸ்டரிலிருந்து இன்ஜினுக்கு அனுப்பும் சின்ன சொலினாய்டு அது. திறந்தபடி சிக்கிக்கொண்டால் ஐடிலில் எப்போதும் காற்று இழுத்துக்கொண்டே இருக்கும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கேனிஸ்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி வால்வின் வாயில் விரலை வையுங்கள். குளிர்ந்த இன்ஜினில் உறிஞ்சக்கூடாது. உறிஞ்சினால் வால்வு மூடவில்லை. டாங்க் நிரப்பியவுடன் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும் கார் என்றால் இதை முதலிலேயே பாருங்கள்.

கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டால் ஒவ்வொரு ஹோஸாகப் பிளையரால் மெதுவாக நெருக்கிப் பிடித்து ஷார்ட் டெர்ம் ட்ரிம்மைக் கவனியுங்கள், பிளையரின் பல் படாமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள். +20ல் இருந்தது சட்டென்று +5க்கு இறங்கினால் அந்த ஹோஸ் போகும் வழியில்தான் லீக். பூஸ்டர் ஹோஸை நெருக்கும்போது இறங்கினால் ஹோஸ் நன்றாக இருந்தாலும் பூஸ்டர் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், பிரேக்கை மிதித்தால் பெடல் பக்கம் உஸ்ஸென்று சத்தம் வரும்.

மேனிஃபோல்டு கேஸ்கட்டுக்கும் இன்ஜெக்டர் ஓ ரிங்குக்கும் ஸ்ப்ரே சோதனை. கார்ப் கிளீனரைச் சந்தேகமான இணைப்பில் ஒரு நொடி அடித்தால், லீக் இருந்தால் அதை இன்ஜின் பெட்ரோல் போலவே எடுத்துக்கொள்ளும், ட்ரிம் கீழே விழும். அந்தத் திரவம் பற்றக்கூடியது. சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்தில் அடிக்காதீர்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அந்தப் பயம் இருந்தால் ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீர் போதும். பெரிய லீக்கைத் தண்ணீர் ஒரு நொடி அடைக்கும், இன்ஜின் சத்தம் மாறும். இரண்டிலும் பிடிபடாததற்கு ஸ்மோக் மெஷின் உள்ள ஒர்க்‌ஷாப்பைத் தேடுங்கள், நூல் அளவு வெடிப்பையும் புகை காட்டிக்கொடுக்கும்.

லோடில் ஏறினால்: பம்பா, ஏர்ஃப்ளோ சென்சாரா

உங்கள் பணம் இந்த இடத்தில்தான் தொங்குகிறது. பம்ப் சோர்ந்தாலும், ஏர்ஃப்ளோ சென்சாரின் கம்பியில் தூசு படிந்தாலும் ட்ரிம் ஒரே மாதிரிதான் ஏறும். பிரிக்க ஒரு வழி: காலியான, பாதுகாப்பான ரோட்டில் இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து, ஆர்பிஎம் நன்றாக ஏறும்வரை லோடு சதவீதத்தையும் ஆக்சிஜன் சென்சார் வோல்ட்டையும் ரெக்கார்ட் செய்யுங்கள். டர்போ இல்லாத இன்ஜினில் லோடு 90க்குப் பக்கத்தில் போக வேண்டும். லோடு 65, 70லேயே நின்றுவிட்டால் காற்றளவு தப்பாக வருகிறது, சென்சாரைச் சுத்தம் செய்யுங்கள். லோடு சரியாக ஏறி, சென்சார் மட்டும் 0.8 வோல்ட்டுக்குப் போகாமல் 0.2க்குக் கீழே கிடந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. ஏர் ஃபில்டர் அடைந்திருந்தாலும் லோடு குறையும் என்பதால் முதலில் அதைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஏர்ஃப்ளோ சென்சாரைச் சுத்தம் செய்ய அதற்கென்று விற்கும் ஸ்ப்ரே மட்டும்தான். கார்ப் கிளீனர் வேண்டாம், இயர் பட் வேண்டவே வேண்டாம், உள்ளே இருக்கும் கம்பி தலைமுடி அளவுதான். பத்துப் பதினைந்து தடவை அடித்து, தானாகக் காய விட்டு மாட்டுங்கள். எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டர் போட்டிருந்தால் அந்த எண்ணெய்தான் கம்பியில் போய் ஒட்டும், சுத்தம் செய்து பழைய ஃபில்டரையே மாட்டினால் கோளாறு திரும்ப வரும்.

பெட்ரோல் பக்கம்தான் என்று முடிவானால் கேஜ் வைத்து அளக்காமல் பம்பை வாங்காதீர்கள். போர்ட் இன்ஜெக்ஷன் (சிலிண்டருக்கு வெளியே, காற்று வரும் வழியில் பெட்ரோல் அடிக்கும் வகை) கார்களில் பிரஷர் பெரும்பாலும் 3 முதல் 4 பார். உங்கள் மாடலுக்கான சரியான எண்ணை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள், அரை பார் குறைந்தாலே ட்ரிம் நகரும். முதலில் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓட விட்டு லைனில் உள்ள பிரஷரை இறக்குங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, துணி சுற்றிக்கொண்டு குயிக் கனெக்டரைத் திறந்து, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் ரெயிலுக்குப் போகும் வழியில் டீ அடாப்டர் வைத்து கேஜை மாட்டுங்கள். இது போர்ட் இன்ஜெக்ஷனுக்கு மட்டும். டைரக்ட் இன்ஜெக்ஷன் காரில் ரெயில் பிரஷர் நூறு பாரைத் தாண்டும், அந்தப் பக்கம் கை வைக்காமல் ஸ்கேனரிலேயே எண்ணைப் படியுங்கள்.

ஃப்யூஸையும் பேட்டரியையும் திரும்ப மாட்டி, சாவி ஆன் செய்தால் பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடி பிரஷரை ஏற்றும். ஐடிலில் பாருங்கள், பிறகு திடீரென்று ரேஸ் கொடுத்துப் பாருங்கள், முள் அரை பாருக்கு மேல் சரியக்கூடாது. ஐடிலில் அழகாக 3.5 காட்டிவிட்டு லோடில் 2.5க்கு விழும் பம்புகள் நிறைய, அதனால் நின்ற இடத்தில் மட்டும் பார்த்துப் பாஸ் போட்டுவிட முடியாது. அளவையும் பாருங்கள்: லைனை ஒரு கேனுக்குள் விட்டு, பம்பை நேரடியாக ஓட்டினால் 30 நொடியில் அரை லிட்டராவது வர வேண்டும். திறந்த வெளியில் செய்யுங்கள்.

குறைவாக வந்தாலும் பம்ப் மேல் தீர்ப்பு எழுத இன்னும் ஒன்று பாக்கி. பின் சீட்டுக்கு அடியில் பம்ப் கனெக்டர் இருக்கும். பம்ப் ஓடும்போது அங்கே மல்டிமீட்டர் வைத்து அளந்தால் பேட்டரி வோல்ட்டைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக்கூடாது. எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்கு மேல் விழக்கூடாது. பேட்டரியில் 14 இருந்து கனெக்டரில் 11.5 வந்தால் எந்தப் புதுப் பம்பும் சோர்ந்துதான் ஓடும். கருகிய கனெக்டர் முள், துருப்பிடித்த எர்த் போல்ட், கெட்டுப்போன ரிலே இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும், செலவு பம்ப் விலையில் சிறு பங்குகூட ஆகாது. வோல்ட் சரி, அளவு குறைவு என்றால் பம்ப் மாட்யூலைக் கழற்றி அடியில் இருக்கும் வலையைப் பாருங்கள். பல மாடல்களில் ஃபில்டர் தனியாக இல்லை, மாட்யூலுக்குள்ளேயே இருக்கும். பிரஷர் ரெகுலேட்டரும் அதிலேயே இருப்பதுண்டு.

எல்லா இடத்திலும் ஒரே அளவு லீன் என்றால்

மாற்றிய ஆக்சிஜன் சென்சாரை இப்போதாவது சோதித்துவிடலாம். சாதாரண சென்சார் 0.1க்கும் 0.9க்கும் இடையில் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். த்ராட்டில் பக்கம் கொஞ்சம் கார்ப் கிளீனர் அடித்தவுடன் 0.8க்கு மேல் தாவினால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது, அது சொல்வதை நம்பலாம். வைட்பேண்ட் வகை இப்படி ஆடாது, அதற்கு, காற்று, பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் லாம்டா எண்ணைப் பாருங்கள்.

சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் சின்ன ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, நல்ல கலவையும் லீனாகத் தெரியும். உங்கள் காரில் சமீபத்தில் சென்சாரைக் கழற்றி மாட்டியிருப்பதால் அது முழுதாக இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, தடித்த துணியால் சைலன்சர் வாயைச் சில நொடி அடைத்தால் லீக் உள்ள இடத்தில் டிக் டிக் என்று சத்தம் வரும். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் சோதனைகூடத் தேவையில்லை.

மிஸ்ஃபயரும் இங்கேதான் வந்து ஏமாற்றும். பிளக்கோ காயிலோ போன சிலிண்டரில் பெட்ரோலும் எரியாது, ஆக்சிஜனும் எரியாது. சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதில்லை, ஆக்சிஜனை மட்டும் பார்த்து லீன் என்கிறது. பி0300 வரிசைக் கோடுகள் கூடவே இருந்தால் அதை முதலில் முடியுங்கள்.

நம் ஊரில் இப்போது பெட்ரோலையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, 10 சதவீதம் எத்தனால் கலந்ததற்குச் சுமார் 14.1, 20 சதவீதத்துக்குச் சுமார் 13.5. அதாவது இ10ஐ மனதில் வைத்து ட்யூன் செய்த கார் இ20ல் ஓடும்போது ட்ரிம் நான்கைந்து சதவீதம் தானாக ஏறும். இதனால் மட்டும் கோட் விழாது. ஆனால் ஏற்கெனவே +14ல் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த கார் எல்லையைத் தாண்ட இது போதும். எத்தனால் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போகாமல் அந்த 14 எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்.

பெட்ரோல் மேலேயே சந்தேகம் என்றால், அளவு ஜாடியில் 100 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். இ20 என்றால் அடியில் சுமார் 30 மில்லி நிற்கும். அதைவிட வெகுவாகக் கூடினால் அந்தப் பெட்ரோல் பங்கில் போடுவதை நிறுத்துங்கள். தண்ணீர் சேர்க்கும் முன்பே அடியில் ஒரு படலம் தெரிந்தால் டாங்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, டாங்கைக் காலி செய்ய வேண்டும்.

காரில் வெளியில் பொருத்திய சிஎன்ஜி கிட் இருந்தால் கோட் எந்த எரிபொருளில் விழுந்தது என்பதே முதல் கேள்வி. கேஸ் ட்யூனிங் சரியில்லாமல் இருந்தால் அதில் கற்ற ட்ரிம்மை இசியூ பெட்ரோலுக்கும் எடுத்துப் போகும். இரண்டு மூன்று நாள் பெட்ரோலில் மட்டும் ஓட்டி எண்ணைப் பாருங்கள். கிட் பொருத்தியபோது மேனிஃபோல்டில் துளை போட்டு வைத்த கேஸ் நாசில்களும் அவற்றின் ஹோஸ்களும் வேக்குவம் லீக்குக்குச் சொந்த வீடு. கேஸில்தானே ஓடுகிறது என்று டாங்கில் இரண்டு லிட்டரோடு மாதக்கணக்கில் ஓட்டினால் பம்ப் சூட்டில் செத்துப்போகும், அதைக் குளிர வைப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். கால் டாங்காவது வைத்திருங்கள்.

இன்ஜெக்டர் அடைப்பு என்று முடிவுக்கு வருவது கடைசியில். டாங்கில் ஊற்றும் கிளீனர் லேசான படிமத்துக்கு உதவும், நன்றாக அடைந்ததற்கு உதவாது. கழற்றி அல்ட்ராசோனிக் மெஷினில் சுத்தம் செய்து, நான்கும் ஒரே அளவு விடுகின்றனவா என்று குழாயில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். மாட்டும்போது ஓ ரிங்குகளைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழையதையே போட்டால் புது லீக் ஒன்று கிடைக்கும்.

சரி செய்த பிறகு கோடை அழித்து, 30, 40 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே மூன்று இடத்தில் ட்ரிம்மை மறுபடி எழுதுங்கள். லைட் அணைந்ததை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். இந்தக் கோடுக்குப் பொதுவாக அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்தில் கோளாறு தெரிந்தால்தான் லைட் எரியும், லாங் டெர்ம் ட்ரிம் எல்லையைத் தொட நாட்களும் ஆகும். உங்களுக்குப் பத்து நாள் எடுத்தது அதனால்தான். மூன்று இடத்திலும் கூட்டல் 10க்குள் வந்து, ஒரு வாரம் கழித்தும் அங்கேயே நின்றால் வேலை முடிந்தது. லாங் டெர்ம் மறுபடி மெதுவாக 12, 15 என்று ஏறிக்கொண்டிருந்தால், லைட் வரும்வரை காத்திருக்காமல் எந்த இடத்தில் ஏறுகிறது என்று பார்த்து அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி தேடுங்கள்.